கணக்குத் தீராத கதை

(நியூ டவுன் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

     

நாம் பட்டம் பெற்றவர் அல்லர். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு குடித்தனம் செய்து வருகிறோம். நாம் பணியாற்றுவது கணக்குத் தீர்க்கும் பிரிவு. 'செட்டில்மெண்ட்' என்றால்தான் அலுவலகத்தில் விளங்கும். ஊழியர் ஒருவர் ஓய்வு பெற்றாலும், பணியில் இருக்கும்போதே கண்மூடினாலும், அவருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ சேரவேண்டிய வைப்பு நிதி, பணிக்கொடை, ஓய்வூதியம் ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கோப்பை முடித்து வைப்பதே நமது தொழில்.

இப்படிப்பட்டவரைப் பேச அழைத்தால் என்ன பேசுவார்? செயலாளர் அவர்களிடம் நமது தயக்கத்தைச் சொன்னோம். "உங்கள் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் எதுவோ அதைப் பேசுங்கள்" என்றார். அவருடைய அந்தத் தாராளத்தை நம்பியே ஒரு தொலைக்காட்சிக் கதையைப் பற்றிப் பேசத் துணிகிறோம். ஆண்டு விழாவில் வள்ளுவரைப் பற்றியோ பாரதியைப் பற்றியோ பேசாமல் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசலாமா என்று பெரியோர்கள் கேட்கலாம். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம். பேச்சு முடிவதற்குள் இளங்கோவடிகளின் வாசல் வரை போய்த்தான் திரும்புவோம்.

நமது குடியிருப்பைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. முன்பெல்லாம் கல்கத்தாத் தமிழர் என்றால் லேக் மார்க்கெட்டைச் சுற்றித்தான் இருப்பார்கள். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வேண்டுமானாலும் அங்கேதான் போகவேண்டும். ஊர்ச்செய்தி வேண்டுமானாலும் அங்கேதான் போகவேண்டும். நெல் வயல்களும் மீன் வளர்க்கும் ஏரிகளுமாக இருந்த ராஜர்ஹாட் பகுதியில் நியூ டவுன் எழும்பியபோது, கணினித் தொழிலை நாடி வந்த இளைஞர்களும், வாடகை குறைவென்று வந்த நம்போன்றவர்களும், மகனோடோ மகளோடோ இருக்கலாம் என்று வந்த முதியவர்களும் இந்த அடுக்கு மாடிகளில் குடியேறினோம். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்று தெரியாமலே ஓராண்டு ஓடிவிடும் இடம் இது. நம் நான்கு குடும்பங்களை ஒரே கூடத்தில் உட்கார வைத்தது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஒரு குற்றக் கதை.

அது 'சேக்ரட் கேம்ஸ்' என்னும் இந்தித் தொடர். விக்ரம் சந்திரா 2006-இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட, தொள்ளாயிரம் பக்கங்களைத் தாண்டிய நாவலை அடிப்படையாகக் கொண்டது. நெட்பிளிக்ஸ் நிறுவனம் இந்தியாவில் எடுத்து வெளியிட்ட முதல் தொடரும் அதுவே. முதல் எட்டுப் பகுதிகள் 2018 ஜூலையில் வந்தன. ஆங்கிலத்தில் 'ஸீசன்' என்கிறார்கள். நம் முன்னோர் காப்பியத்தைக் காண்டம் காண்டமாகப் பிரித்தார்கள் அல்லவா? நாமும் காண்டம் என்றே சொல்லிவிடுவோம். விக்ரமாதித்ய மோட்வானியும் அனுராக் காஷ்யப்பும் முதற்காண்டத்தை இயக்கினர்.

இங்கு ஓர் எச்சரிக்கை. அது குழந்தைகளோடு பார்க்கத் தக்க கதை அன்று. வசைச்சொற்களும் வேண்டாத காட்சிகளும் அதில் நிரம்ப உண்டு. பிள்ளைகளைத் தூங்க வைத்த பின்னரே பெரியவர்கள் கூடுவோம். நம் வீட்டு அம்மாள் சில இடங்களில் எழுந்து, அடுப்பில் இல்லாத பாலைக் கவனிக்கச் சமையலறைக்குப் போய்விடுவார்.

அவ்வளவு குறையிருந்தும் ஏன் பார்த்தோம்? கதை அப்படி. பம்பாயில் சர்தாஜ் சிங் என்னும் காவல் ஆய்வாளர். நேர்மையானவர், ஆகையால் பதவி உயர்வு இல்லாதவர். ஒருநாள் இரவு அவருக்கு ஒரு தொலைபேசி வருகிறது. பேசுகிறவன் பல ஆண்டுகளாகத் தலைமறைவாக இருந்த கணேஷ் கைத்தொண்டே என்னும் பெருங்குற்றவாளி. இன்னும் 25 நாளில் இந்நகரம் அழிந்துவிடும், முடிந்தால் காப்பாற்று என்கிறான். சர்தாஜ் அவனை நெருங்கும்போது தன்னைத்தானே சுட்டுக்கொண்டு மாள்கிறான். இதிலிருந்து கதை இரண்டு தண்டவாளங்களில் ஓடுகிறது. ஒன்றில் செத்தவன் தன் வரலாற்றைச் சொல்கிறான். மற்றொன்றில் உயிரோடிருப்பவர் நாட்களை எண்ணிக்கொண்டு உண்மையைத் தேடுகிறார். நவாசுதீன் சித்திக் முன்னவராகவும் சைப் அலிகான் பின்னவராகவும் நடித்தனர். 2019-இல் சர்வதேச எம்மி விருதுக்கு, சிறந்த நாடகத் தொடர் என்னும் பிரிவில், அது பரிந்துரைக்கப் பெற்றது.

கல்கத்தாவில் வாழ்பவர்க்குத் துப்பறியும் கதையில் நல்லது கெட்டது தெரியும். சரதிந்து பந்தோபாத்யாய் 1932-இல் படைத்த வியோம்கேஷ் பக்ஷியை அறியாத வங்காளி வீடு இல்லை. அக்கதைகளைப் பாசு சாட்டர்ஜி தூர்தர்ஷனுக்காக 1993-இலும் 1997-இலும் தொடராக எடுத்தபோது, ரஜித் கபூரை நாடே வியோம்கேஷாகக் கண்டது. அப்படிப்பட்ட ஊரில், நமது எதிர்வீட்டு வங்காளி மூதாட்டியே, நாம் 'மாஷிமா' என்றழைக்கும் அம்மையார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நம்மோடு உட்கார்ந்தார் என்றால், கதையின் தரத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எல்லோர் உள்ளத்தையும் பறித்தவர் கதாநாயகரும் அல்லர், வில்லனும் அல்லர். காட்டேகர் என்னும் சாதாரணக் காவலர். ஜிதேந்திர ஜோஷி அந்தப் பாத்திரத்தில் நடித்தார். மனைவி மக்களுடன் சிறு வீட்டில் வாழ்பவர். ஆய்வாளருக்குத் துணையாக இரவும் பகலும் அலைபவர். பெரிய சதி எதுவும் அவருக்குத் தெரியாது. முதற்காண்டத்தின் பிற்பகுதியில் அவர் கடமையிலேயே கொல்லப்படுகிறார். அன்றிரவு நம் கூடத்தில் யாரும் பேசவில்லை.

நம்மோடு பார்த்தவர்களில் ஒரு பெரியவர் இருந்தார். ரயில்வேயிலேயே பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் பெரியப்பா. நமக்கு எப்போதும் 'சார்'. காட்டேகர் இறந்த அந்த இரவில், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சொன்னது இது: "பாவம், அந்தப் பெண்மணி இனிமேல் எத்தனை மேசைக்கு அலைய வேண்டுமோ!" நாம் சிரித்தோம். கணக்குப் பிரிவுக்காரர்களின் புத்தி கதையிலும் கணக்கைத்தான் பார்க்கும் என்று கேலி செய்தோம்.

முதற்காண்டம் முடிந்தபோது விடை தெரியாத வினாக்கள் பல இருந்தன. இரண்டாம் காண்டத்திற்குப் பதின்மூன்று மாதங்கள் காத்திருந்தோம். காத்திருந்த காலத்தில் ஒரு விளையாட்டுச் செய்தோம். முடிவு என்ன ஆகும் என்று வீட்டுக்கு ஒருவர் ஒரு துண்டுத்தாளில் எழுதி மடித்து, காலி ஹார்லிக்ஸ் புட்டியில் போட்டு மூடி, அதைப் பெரியவர் வீட்டு அலமாரியில் வைத்தோம். யார் எழுதியது சரியோ அவர் வீட்டாருக்கு மற்ற மூன்று வீட்டாரும் வடை பாயசத்தோடு விருந்து வைக்கவேண்டும் என்பது ஒப்பந்தம்.

2019 ஆகஸ்டு 15-ஆம் நாள் இரண்டாம் காண்டம் வந்தது. மீண்டும் எட்டுப் பகுதிகள். இம்முறை காஷ்யப்போடு நீரஜ் கேவான் இயக்கினார். நாள்தோறும் இரண்டு பகுதி என்று முறை வைத்துப் பார்த்தோம். நான்காம் நாள் இரவு கடைசிப் பகுதி முடிந்தது. விளக்கைப் போட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "அவ்வளவுதானா?" என்றார் நம் வீட்டு அம்மாள்.

நண்பர்களே! அந்த 'அவ்வளவுதானா' என்னும் ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம். அது நன்றிகெட்ட சொல்லா? அல்லது நியாயமான வழக்கா?

ரயில்வேக்காரர் என்ற முறையில் ஓர் உவமை சொல்கிறோம். சென்னையிலிருந்து மெயில் வண்டியில் வருகிறீர்கள். ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி அருமையாக ஓடுகிறது. கோதாவரிப் பாலத்தில் காற்று. சில்கா ஏரிக்கரையில் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். சாந்தராகாச்சி தாண்டியதும், மூட்டை முடிச்சை வாசலருகே நகர்த்திவிட்டு எழுந்து நிற்கிறீர்கள். ஹவுராவுக்கு வெளியே சிவப்பு விளக்கு. அரைமணி; முக்கால்மணி; ஒரு மணி. வீடு சேர்ந்ததும் "பயணம் எப்படி?" என்றால், கோதாவரியைச் சொல்வீர்களா, ஹவுராச் சிவப்பு விளக்கைச் சொல்வீர்களா? 2002-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன் என்னும் உளநூலறிஞர், தம் தோழர்களுடன் சோதனைகள் செய்து இதையே கண்டார். ஓர் அனுபவம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை மனம் அதிகம் பொருட்படுத்துவதில்லை. அதன் உச்சத்தையும் முடிவையும் கொண்டே அதை எடைபோட்டு நினைவில் வைக்கிறதாம். ஆகவே முடிவைப் பற்றிக் குறைப்படுவது மனித இயல்பு. ஆனால் இயல்பு என்பதனாலேயே நியாயம் ஆகிவிடாது. குற்றச்சாட்டைக் கூறு கூறாக விளக்க வேண்டும். நம்முடையவை மூன்று.

முதலாவது, கடிகாரம். 25 நாள் என்று காலம் குறித்தவர்கள் நாம் அல்லோம். கதை சொன்னவர்களே குறித்தார்கள். பதினாறு பகுதிகளிலும் நம்மை நாள் எண்ண வைத்தார்கள். கடைசியில் நகரின் நடுவே அணுகுண்டு. மற்றவர்கள் வெளியேற, சர்தாஜ் அதைச் செயலிழக்கச் செய்யும் வடிவத்தைத் திரையில் வரைந்து பார்க்கிறார். பலித்ததா, இல்லையா? சொல்லாமலே கதை முடிந்துவிடுகிறது. மூன்றாம் காண்டத்தில் சொல்வார்களோ என்று நினைத்தோம். அது இன்று வரை வரவில்லை. நாவலில் நகரம் தப்பிப் பிழைக்கிறது. ஆசிரியர் ஒரு விடை கொடுத்திருக்க, படம் எடுத்தவர்கள் அதைக் கொள்ளவும் இல்லை. வேறு விடை தரவும் இல்லை.

இரண்டாவது, அளவு. முதற்காண்டம் ஒரு நகரத்தின் கதை. அதன் சந்து பொந்துகள், அதன் குப்பைமேடு, அதன் காவல் நிலையம் ஆகிய யாவும் நம் கண்ணெதிரே நின்றன. இரண்டாம் காண்டத்தில் கைத்தொண்டே ஆப்பிரிக்காவில் கென்யாவுக்குப் போகிறான். ஐரோப்பாவில் குரோவேஷியாவில் உள்ள ஆசிரமத்துக்குப் போகிறான். உலகத்தையே அழித்துப் புதிய சத்திய யுகம் காணத் துடிக்கும் ஒரு குருஜி வருகிறார். பங்கஜ் திரிபாதியின் நடிப்பில் குறையே இல்லை. அந்த மென்மையான குரலே அச்சம் ஊட்டியது. ஆனால் உலகம் அழியப்போகிறது என்றபோது ஏற்படாத நடுக்கம், ஒரு காவலர் தெருவில் விழுந்தபோது ஏற்பட்டது. அது ஏன்? அவர் வீடு நமக்குத் தெரியும், ஆகையால். காட்டேகரின் மனைவி இரண்டாம் காண்டத்திலும் வருகிறார். ஆயினும் அணுகுண்டின் இரைச்சலில் அந்த அம்மையாரின் குரல் அமுங்கிப்போனதாகவே நமக்குப் பட்டது.

மூன்றாவது, காலந்தாழ்ந்த கருணை. கடைசிப் பகுதிக்கு 'ராட்கிளிப்' என்று பெயர். 1947-இல் பஞ்சாபையும் வங்காளத்தையும் கூறுபோட்ட எல்லைக்கோட்டை வகுத்த சிரில் ராட்கிளிப்பின் பெயர். அவருடைய கோடு, விடுதலை பெற்ற இரண்டு நாள் கழித்து, ஆகஸ்டு 17-ஆம் நாள்தான் மக்களுக்கு வெளியிடப்பட்டது. எந்த நாட்டில் இருக்கிறோம் என்று அறியாமலே விடுதலையைக் கொண்டாடிய ஊர்கள் இந்த வங்காளத்தில் உண்டு. இன்றைய வெறுப்பின் வேர் அன்றைய பிரிவினையில் இருக்கிறது என்று கதை கடைசியில் காட்ட முயல்கிறது. உயர்ந்த எண்ணம். ஆனால் நமது மாஷிமா என்ன சொன்னார் தெரியுமா? அவர் பாரிசாலிலிருந்து குழந்தையாக வந்தவர். ஜாதவ்பூர்ப் பக்கத்து அகதிக் குடியிருப்பில் வளர்ந்தவர். "இதுதான் கதை என்றால், இதை முதலிலேயே தொடங்கியிருக்க வேண்டும். விருந்து முடிந்து இலையை எடுக்கும்போது சோற்றைக் கொண்டுவந்து போடுகிறார்களே" என்றார்.

முதற்காண்டத்தின் மூன்றாம் பகுதிக்கு 'ஆதாபி வாதாபி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அகத்தியர் வயிற்றில் வாதாபி சீரணமான கதை தமிழ்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். அகத்தியருக்கு வாய்த்த வயிறு நமக்கு வாய்க்கவில்லை. அந்த இரண்டாம் காண்டம் நம் வயிற்றில் இன்னும் சீரணமாகவில்லை.

மறுபக்கத்து வாதத்தையும் சொல்வதே நேர்மை. நம் கூட்டத்தில் கணினித் தொழிலில் இருக்கும் இளைஞர் ஒருவர் உண்டு. அவர் கூறினார்: "அண்ணா, எல்லாவற்றுக்கும் விடை கேட்பது பழங்காலத்துப் பழக்கம். அமெரிக்காவில் 'தி சோப்ரானோஸ்' என்ற புகழ்பெற்ற தொடர் 2007 ஜூனில் முடிந்தபோது, கதாநாயகன் குடும்பத்தோடு உணவுக்கடையில் உட்கார்ந்திருக்கையில் திரை திடீரென்று கறுத்துவிட்டது. சண்டையிட்ட மக்களே பின்னாளில் அதைப் போற்றினார்கள்."

உண்மைதான். ஆனால் சோப்ரானோஸ் கதை எந்த நாளையும் குறிக்கவில்லை. எந்த நேரத்திலும் சாவு வரலாம் என்பதே அக்கதாநாயகனின் வாழ்க்கை. ஆகவே இருள் அங்கே விடையாகிறது. கெடு வைத்துக் கடன் வாங்கியவர் மட்டும் அந்த இருளில் ஒளிந்துகொள்ளல் ஆகாது. வாசகர் கோபம் எல்லாம் நியாயம் என்றும் நாம் சொல்லவில்லை. 1893-இல் கானன் டாயில் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றபோது, வாசகர் பலர் பத்திரிகைச் சந்தாவை நிறுத்தினர். பத்தாண்டு கழித்து 1903-இல் அவர் ஹோம்ஸை உயிரோடு மீட்க வேண்டியதாயிற்று. அது முடிவில் குறை என்பதனால் எழுந்த கோபம் அன்று. முடிவே கூடாது என்ற பிடிவாதம். அந்தப் பிடிவாதம் நமக்கு இல்லை. சரதிந்துவும் 1970-இல் காலமானபோது 'பிசுபால் வதம்' என்னும் வியோம்கேஷ் கதையை முடிக்காமலே விட்டுச் சென்றார். அதற்காக வங்காளி எவரும் அவரைக் குறை சொல்லக் கேட்டதில்லை. எழுதியவர் கையைக் காலன் பிடித்தால் யாரை நோவது? கை இருந்தும் எழுதாமல் விட்டதே நமது வருத்தம்.

இப்போது இளங்கோவடிகளிடம் வருவோம். சிலப்பதிகாரத்தை நாம் பக்தியோடு போற்றுகிறோம். ஆனால் அது ஒரு குற்ற வழக்கு என்பதை நினைத்துப் பார்த்ததுண்டா? அரசியின் சிலம்பு களவு போகிறது. களவாடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். பழி விழுவது ஊருக்குப் புதிதாக வந்த கோவலன் தலையில். விசாரணை இல்லை, தண்டனை உண்டு. பிறகு கண்ணகி வந்து தன் சிலம்பில் உள்ள பரல் மாணிக்கம் என்கிறாள். அரசன் தன் அரசியின் சிலம்பில் உள்ளது முத்து என்கிறான். சிலம்பு உடைகிறது; மாணிக்கம் தெறிக்கிறது; வழக்குத் தீர்கிறது. இன்பமான முடிவா? இல்லவே இல்லை. நிரபராதி மாண்டான், அரசனும் அரசியும் மாண்டார்கள், மதுரை எரிந்தது. இருந்தும் 'அவ்வளவுதானா' என்று எவரும் கேட்பதில்லை. சிலம்புக்குள் என்ன இருக்கிறது என்பதை அடிகள் நம் கண்முன் உடைத்துக் காட்டிவிட்டார். ஆகவே நல்ல முடிவு என்பது நாம் விரும்பும் முடிவு அன்று. கதை நம்மிடம் பட்ட கடனைத் தீர்க்கும் முடிவு.

இன்னுமொன்று. புகார்க் காண்டம், மதுரைக் காண்டம், வஞ்சிக் காண்டம் என மூன்று காண்டங்கள். வஞ்சிக் காண்டம் பிற்சேர்க்கையோ என்று ஐயுற்ற அறிஞர்களும் உண்டு. கதை மதுரையிலேயே முடிந்துவிட்டது; செங்குட்டுவன் வடக்கே படையெடுத்த வீரப் பேச்சு எதற்கு என்பார் உண்டு. நமக்குத் தோன்றுவதைப் பணிவோடு சொல்கிறோம். செங்குட்டுவன் இமயம் வரை போகிறான்; ஆனால் எதற்காகப் போகிறான்? கணவனை இழந்த ஒரு பெண்ணுக்குச் சிலை வடிக்கக் கல் கொண்டுவரப் போகிறான். எவ்வளவு தொலைவு போனாலும் கதை அவளை மறக்கவில்லை. சேக்ரட் கேம்ஸும் கடல் கடந்து போயிற்று. திரும்பி வரும்போது யாருக்காகப் போனோம் என்பதை மறந்துவிட்டது. இதுவே நாம் காணும் வேற்றுமை.

அந்த ஹார்லிக்ஸ் புட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விடையே சொல்லப்படாததால் வென்றவர் யார் என்று தீர்ப்பளிக்க வழியில்லை. விருந்தும் இல்லை. புட்டி பெரியவர் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டது. மூன்றாம் காண்டம் வரட்டும் என்றார் பெரியவர். 2021-இல் அவரே நம்மைப் பிரிந்து போய்விட்டார்.

அவர் மறைந்த பின் அம்மையாருக்குக் குடும்ப ஓய்வூதியம் வரவேண்டும். ஓய்வூதிய ஆணையில் அம்மையாரின் பெயர் ஒருவிதமாகவும், ஆதார் அட்டையில் தந்தை பெயரும் சேர்ந்து வேறுவிதமாகவும் இருந்தன. வடநாட்டில் வாழும் தமிழர்க்கு இந்தத் தலையெழுத்துத் தொல்லை, அதாவது இனிஷியல் தொல்லை, புதிதன்று. இருவரும் ஒருவரே என்று நிலைநாட்ட நான்கு மாதம் பிடித்தது. எத்தனையோ குடும்பங்களின் கோப்புகளை முடித்துவைத்த நாம், மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, அம்மையாரோடு படியேறி இறங்கியபோதுதான், ஒரு கணக்குத் தீராமல் இருப்பது என்றால் என்னவென்று அறிந்தோம். நம் மேசையிலும் 'பரிசீலனையில்' என்று எழுதிக் கட்டிவைத்த கோப்புகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் கடைசிக் காண்டம் என்று அதற்குமுன் நமக்குத் தோன்றியதில்லை.

திருத்திய ஆணை வந்து, முதல் தொகையும் வங்கியில் சேர்ந்தது. அடுத்து வந்த பொங்கலன்று அம்மையார் நான்கு வீட்டாரையும் அழைத்தார். அலமாரியிலிருந்து புட்டியை எடுத்துவந்து நம் கையில் கொடுத்து, "இனிமேல் இதைத் திறந்துவிடுங்கள், தம்பி" என்றார்.

திறந்தோம். நமது தாளில், நகரம் பிழைக்கும், சர்தாஜ் மாண்டுவிடுவார் என்று எழுதியிருந்தோம். கணினி இளைஞர், குண்டு வெடித்தே தீரும் என்று எழுதியிருந்தார். மற்றொரு வீட்டார், குருஜி சாகவில்லை, வேடம் மாறி வருவார் என்று எழுதியிருந்தார்கள். பெரியவரின் தாள் கடைசியாக வந்தது. அழகான கையெழுத்து, அலுவலகக் குறிப்புப் போலவே ஒரே பத்தி. குண்டு வெடிப்பதும் வெடியாததும் அவர்கள் விருப்பம். ஆனால் காட்டேகரின் மனைவிக்குச் சேரவேண்டியது சேர்ந்ததா என்று முடிவில் ஒரு வரியாவது சொல்லவேண்டும் என்று எழுதி, தேதியிட்டுக் கையொப்பமும் இட்டிருந்தார்.

நாம் அன்று சிரிக்கவில்லை. மூன்று வீட்டாரும் ஒருமனதாக அவரே வென்றார் என்று தீர்ப்பளித்தோம். விருந்து வைக்கவேண்டியவர்கள் நாங்கள். ஆனால் அம்மையார் கேட்கவில்லை. பாயசத்தை அவரே வைத்துவிட்டார். அவர் இதோ இந்த முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய அனுமதி பெற்றே இதைச் சொன்னோம்.

ஆகவே, பெரியோர்களே, 'அவ்வளவுதானா' என்று கேட்பது நன்றிகெட்ட செயல் அன்று. முதற்காண்டத்தை மதித்தவரே அப்படிக் கேட்பார். மதியாதவர் பாதியிலேயே எழுந்து போயிருப்பார். அந்த முதற்காண்டத்தை யாரேனும் இன்று பார்க்கலாமா என்று கேட்டால், பிள்ளைகள் தூங்கிய பின் பாருங்கள் என்றே இன்னும் சொல்கிறோம். முடிவு சறுக்கியதால் காட்டேகர் பொய்யாகிவிடவில்லை. கதை சொல்பவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: எவ்வளவு பெரிய குண்டை வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள், எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் அழைத்துப் போங்கள். முடிப்பதற்கு முன், தெருவில் விழுந்தவரின் வீட்டுக் கதவை ஒருமுறை தட்டிவிட்டு வாருங்கள்.

நமக்கும் அந்த வேண்டுகோள் பொருந்தும். நம் மேசையில் கட்டிவைத்திருந்த அந்தக் கோப்புகளை அப்பொங்கலுக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்தோம். அவற்றில் இரண்டு இன்னும் தீரவில்லை. நாளை திங்கட்கிழமை, அலுவலகம் உண்டு.